புட்டியில் எழுதாத இருபது

1. பல்புக் கம்பி

முகக்கண்ணாடியில் வெள்ளி சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க எங்கள் பட்டறையில் ஒரே ஒரு சோதனைதான். பூச்சு காய்ந்த பிறகு, பின்புறம் சிவப்புச் சாயம் அடிப்பதற்கு முன்னால், கண்ணாடியை எரியும் பல்புக்கு நேராகப் பிடிக்க வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டால் நல்ல கண்ணாடி. நீலமாக ஒரு மங்கல் தெரிந்தால் பரவாயில்லை. அன்று காலை நான் பிடித்த கண்ணாடியில் பல்புக்குள் இருந்த கம்பியின் வளைவே தெரிந்தது.

ஆறு கண்ணாடி பூசியிருந்தேன். எல்லாம் ராணுவ லாரிகளுக்கான பக்கக் கண்ணாடிகள். ஆறிலும் கம்பி தெரிந்தது.

ஜப்பான்காரன் காலம், இரண்டாம் ஆண்டு. பட்டறை ஜாலான் புசாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. முதலாளியான சீனத் தவ்க்கே சண்டைக்குப் பிறகு திரும்பி வரவில்லை. எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. பட்டறையை ராணுவம் எடுத்துக்கொண்டது. உள்ளே மூன்று பேர் வேலை செய்தோம்.

ஒன்று, நான். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. ஆஸ்பத்திரி லெபோரட்டரியில் பயிற்சி பெற்றவள். ஆஸ்பத்திரி அவர்கள் கைக்குப் போனதும் வேலை போயிற்று. நிறுக்கவும் அளக்கவும் கலக்கவும் தெரியும் என்பதால் இங்கே எடுத்துக்கொண்டார்கள். வெள்ளிக் கரைசல் என் பொறுப்பு. நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எல்லோரும் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள்.

இரண்டு, வீராசாமி பெயிண்டர். கண்ணாடியின் பின்பக்கத்தில் சாமி படம் எழுதுகிறவர். நாற்பது வயதிருக்கும். சண்டைக்கு முன்னால் சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் மாட்டியிருந்த லட்சுமிகளில் பாதி அவர் கை.

மூன்று, சவரியம்மா. கண்ணாடிச் சில்லுகளை வெட்டி மொசைக் பதிப்பவர். அவருடைய புருஷனை சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். கடிதம் எதுவும் வரவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சில்வர் நைட்ரேட் ராணுவ ஸ்டோரிலிருந்து வரும். வாங்கும்போது கையெழுத்துப் போடுவது நான். எத்தனை கண்ணாடிக்கு எவ்வளவு வெள்ளி என்பது அவர்களுக்கும் தெரியும். கணக்கு இடித்தால் கையெழுத்துப் போட்டவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்த யாரையும் எனக்குத் தெரியாது.

இப்போது பட்டறைக்குப் புதிதாக வரும் பெண்கள், நான் ஏன் லேபிள் விஷயத்தில் இத்தனை கெடுபிடி செய்கிறேன் என்று முணுமுணுப்பது காதில் விழுகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2. சீனி ஏன் குறையவில்லை

அன்று மத்தியானம் நோட்டில் எழுதியது இது.

தண்ணீர்: ஜாடியில் பிடித்த மழைத் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் கலந்தால் வெள்ளி பால் போலத் திரிந்துவிடும். திரியவில்லை.

கண்ணாடி கழுவியது: நானே. சோடா போட்டு இரண்டு முறை.

சீனிக் கரைசல் (வெள்ளியைக் கண்ணாடியில் படிய வைப்பது இதுதான்): நேற்றுக் கலந்தது. நல்ல நிலை.

தராசு: சரி பார்த்தாயிற்று.

மிச்சம் இருந்தது வெள்ளிப் புட்டி மட்டும்.

வெள்ளிக் கரைசலை வெளிச்சம் படாத பழுப்புப் புட்டியில்தான் வைக்க வேண்டும். எங்களிடம் இரண்டு புட்டிகள் இருந்தன. ஒன்று உடைந்துவிட்டது. வேறு கிடைக்கவில்லை. அதனால் நூற்றுக்குப் பத்து என்று கலந்து வந்ததை, ஒரே புட்டியில் அடங்குவதற்காக, நூற்றுக்கு இருபது என்று கலக்க ஆரம்பித்திருந்தேன். எடுக்கும்போது பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்துக்கொள்வேன். மாற்றிய நாளையும் அளவையும் நோட்டில் குறித்திருந்தேன்.

இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்தேன். ஒன்றில் புட்டியிலிருந்து சில துளிகள். இன்னொன்றில் அப்போதே நிறுத்துக் கலந்த புதுக் கரைசல். இரண்டிலும் உப்புத் தண்ணீர் விட்டேன். புதியது தயிர் போல உறைந்தது. புட்டியில் இருந்தது மோர் போல நின்றது. யாரோ வெள்ளியை எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்கு மழைத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். குழாய்த் தண்ணீர் கூடாது என்று தெரிந்த ஒருவர்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது சீனி. அதே அலமாரியில், பூட்டில்லாமல், அரை டின் சீனி இருந்தது. வெளியே ஒரு கரண்டி சீனிக்கு ஆட்கள் சட்டையைக் கழற்றிக் கொடுத்த காலம் அது. மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தோம். சீனி மட்டத்தில் நான் விரலால் இழுத்து வைத்த கோடு அப்படியே இருந்தது.

சீனியைத் தொடாமல் வெள்ளியை எடுக்கிறவர் பசிக்கு எடுக்கவில்லை. அதன் விலை தெரிந்து, கள்ளச் சந்தையில் கொடுக்க எடுக்கிறார். அப்படித்தான் முடிவு செய்தேன். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில் ஓர் ஆளின் உயிரைப் பணயம் வைக்க இருந்தேன்.

3. துணி சுற்றிய விரல்

அந்த மாதம் எங்களுக்கு ஒரு பெரிய வேலை வந்திருந்தது. மேட்டில் இருந்த ஒரு பங்களாவில் அதிகாரிகளின் விருந்து மண்டபச் சுவருக்கு ஒரு படம். நடுவில் ஆளுயரக் கண்ணாடியில் வீணை வைத்த தேவி. சுற்றிலும் தாமரைக் குளம், முழுக்க முகக்கண்ணாடிச் சில்லு மொசைக். வேலையைக் கொண்டுவந்தவர் ராணுவத்தின் மொழிபெயர்ப்பாளரான ஒரு ஜப்பான்காரர். சண்டைக்கு முன்னால் இதே ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். நம் ஆட்களின் கல்யாணப் படங்களைக்கூட எடுத்தவர். சண்டை முடிந்த மறு வாரமே சீருடையில் வந்து நின்றார். எங்களிடம் மலாயில் பேசுவார். தங்கள் நாட்டிலும் தண்ணீர்க் கரையில் வாத்தியத்தோடு உட்காரும் ஒரு தேவி உண்டு என்று சொல்லி, ஒரு படத்தையும் காட்டினார்.

அவர் போன பிறகு வீராசாமி பெயிண்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம சரஸ்வதிதான் மிஸ்ஸி. எப்ப கப்பல் ஏறினாளோ தெரியல. பாஸ்போர்ட் எல்லாம் கேட்டிருக்க மாட்டாங்க."

"மெல்லக் கதையுங்கோ" என்றேன். என் பெற்றோர் யாழ்ப்பாணத்தவர்கள். என் பேச்சு அவருக்கு எப்போதும் வேடிக்கை.

"நீங்க திட்டுனாலும் பாட்டு மாதிரிதான் இருக்கு" என்று சிரித்தார்.

கண்ணாடியில் படம் எழுதுவது காகிதத்தில் எழுதுவதற்கு நேர்மாறானது. பார்ப்பவருக்கு எது முன்னால் தெரிய வேண்டுமோ அதை முதலில் எழுத வேண்டும். கண்ணிமை, மூக்குத்தி, நகைக் கோடு முதலில். பிறகு தோல் நிறம். பிறகு சேலை. வானம் கடைசி. இடமும் வலமும் மாறி வரும் என்பதால் வீணை பிடித்த கையை மாற்றித்தான் எழுத வேண்டும். முதல் கோடு தவறினால் கடைசியில் திருத்த முடியாது, முழுவதையும் சுரண்ட வேண்டும்.

அவர் எழுதுவதை நான் தினமும் பார்த்தேன். படத்துக்காக அல்ல, கைக்காக. சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பட்டதும் கறுக்கும். சோப்போ மண்ணெண்ணெயோ எதற்கும் போகாது. தோல் உரிந்து போனால்தான் போகும். என் விரல்கள் கறுத்துத்தான் இருந்தன, அது என் வேலை. பெயிண்டரின் வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு வாரமாகத் துணி சுற்றியிருந்தது.

"என்ன காயம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல, சும்மா."

"காட்டுங்கோ."

"மிஸ்ஸி, நான் கலியாணம் ஆனவன்" என்று சொல்லி இடது கையில் தூரிகையை மாற்றிக்கொண்டார்.

நோட்டில் எழுதினேன்: வீ. — விரல் — துணி. அதன் கீழே: மழைத் தண்ணீர் ஜாடி வீ.யின் இருக்கைக்குப் பக்கத்தில். அதன் கீழே: மாலையில் கடைசியாகப் போவது வீ.

சவரியம்மாவின் கையையும் பார்த்தேன். சிமெண்ட் கிடைக்காததால் அவர் தாரையும் செங்கல் பொடியையும் காய்ச்சிக் கலந்து அதில்தான் சில்லுகளைப் பதித்தார். பத்து விரலும் எப்போதும் கறுப்பு. அதற்கு மேல் பார்க்கவில்லை.

4. பெயர் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் லாரிக் கண்ணாடிகளை எடுக்க வந்தபோது பூச்சு மெலிந்த ஆறையும் தனியாக வைத்திருந்தேன். அவர் ஒன்றை எடுத்து, என்னைப் போலவே, பல்புக்கு நேரே பிடித்தார். போட்டோத் தாளிலும் வெள்ளிதான் என்பதால், ஸ்டூடியோக்காரருக்கு வெள்ளியைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

"வெள்ளி எங்கே?" என்றார்.

அந்த நொடியில் எனக்கு இரண்டு பதில்கள் இருந்தன. தெரியாது என்பது ஒன்று. அது என் கையெழுத்தோடு போய் முடியும். இன்னொன்றைச் சொன்னேன்.

"யாரோ எடுக்கிறார்கள்."

"சியாப்பா?"

யார் என்று கேட்கிறார். பெயிண்டர் முதுகைக் காட்டி உட்கார்ந்து தேவியின் கழுத்து மாலையை எழுதிக்கொண்டிருந்தார். மலாய் அவருக்கு நன்றாகத் தெரியும். தூரிகை நிற்கவில்லை.

"இரண்டு நாள் கொடுங்கள்" என்றேன்.

அவர் தன் கட்டை விரலை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். நகத்தின் ஓரத்தில் பழைய கறுப்புக் கறை. "இது இல்லாமல் யாரும் எடுத்திருக்க முடியாது. நானே வந்து எல்லோர் கையையும் பார்க்கிறேன். உனக்கு இரண்டு நாள். பெயர் வேண்டும். இல்லையென்றால் உன் பெயர்."

நான் பெயர் சொல்லத்தான் போகிறேன் என்று அன்று எனக்குத் தெரியும். இதை எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். வீராசாமி என்று சொல்லத்தான் இருந்தேன்.

5. ஒரு கேள்வி

மறுநாள் மத்தியானம். பெயிண்டர் வர்ணம் வாங்கப் போயிருந்தார். சவரியம்மா தாமரை இதழுக்குச் சில்லு வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டார்.

"மிஸ்ஸி, ஒண்ணு கேக்கட்டா? சின்னப் புள்ளைக்கு அந்தச் சொட்டு விட்டா கண்ணு வீங்குமா?"

"எந்தச் சொட்டு?"

"ஆஸ்பத்திரில பொறந்த புள்ளைக்கு மொத வேலையா விடுவாங்கன்னு சொன்னீங்களே. வெள்ளிச் சொட்டு."

சொல்லியிருந்தேன். ஒரு நாள் கிழங்கு தின்றுகொண்டே பேச்சுவாக்கில் சொன்னது. பிறக்கும்போது தாயிடமிருந்து கண்ணில் தொற்றும் சீழ் நோய்க்கு அதுதான் தடுப்பு. நூற்றுக்கு ஒன்று என்ற அளவில், கண்ணுக்கு ஒரு சொட்டு. குழாய்த் தண்ணீர் மட்டும் கலக்கக் கூடாது. எல்லாவற்றையும் நான்தான் சொல்லியிருந்தேன்.

என் கையில் இருந்த அளவுக் குழாயைக் கீழே வைத்தேன்.

"நீங்களோ எடுத்தனீங்கள்?"

அவர் தலை நிமிரவில்லை. "என் தங்கச்சிக்கு மூத்தது ஒண்ணு இருக்கு மிஸ்ஸி. பொறந்த அஞ்சாம் நாள் கண்ணுல சீழு கட்டி ரெண்டும் போச்சு. இப்ப ரெண்டாவது. நாலு நாளாகுது. அதுக்காச்சும் விடலாம்னு எடுத்தேன். இதுக்கு முன்னாடி பக்கத்து வீட்ல ஒரு புள்ள. அதுக்கு அடுத்த வீட்ல ஒண்ணு. அதுங்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுக்குத்தான் ரெண்டு இமையும் வீங்கிப் போச்சு."

"எவ்வளவு தண்ணி கலந்தனீங்கள்?"

"ஒண்ணுக்கு ஒம்பது. காரை கலக்குற மாதிரி, ஒரே மூடியால அளந்துதான் ஊத்தினேன். புட்டில பத்துன்னு போட்டிருக்கு. நூத்துக்கு ஒண்ணுன்னு நீங்க சொன்னீங்க. அப்ப பத்துல ஒரு பங்குதானே?"

கணக்கு சரி. நானே கொடுத்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

புட்டியைப் பார்த்தேன். என் கையெழுத்தில், பழைய லேபிளில், பத்து. உள்ளே இருந்தது இருபது. மாற்றிய நாள் என் நோட்டில் இருந்தது, அளவு என் நோட்டில் இருந்தது, காரணமும் இருந்தது. புட்டியில் இல்லை. முன்பு எடுத்தவை பழைய கரைசலில் இருந்து, சரியான அளவில் போயிருக்கின்றன. இந்தப் பிள்ளைக்குப் புதிதாகக் கலந்த அன்றே எடுத்திருக்கிறார். இரண்டு மடங்கு.

"ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருக்க மாட்டேன். கையெழுத்து என்னுடையது.

அவருடைய தங்கை சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில், பலகை தடுத்த அறையில் இருந்தாள். மூத்த பிள்ளை தரையில் உட்கார்ந்து ஒரு தகர மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. சத்தம் வந்த பக்கம் திரும்பியது. கண் இரண்டும் வெள்ளை. சின்னது மடியில். இமைகள் அத்திப் பழம் போல வீங்கி ஒட்டியிருந்தன.

"மருந்து குடுத்தனுப்புன மிஸ்ஸி நீங்கதானா?" என்று அந்தப் பெண் கேட்டாள். சவரியம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்.

"ஓம், நான்தான்" என்றேன்.

உப்புப் போட்டுக் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து இமைகளைக் கழுவினேன். உப்பு மிச்ச வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். இமைக்குள் மெல்லத் திறந்து பார்க்க முயன்றேன், முடியவில்லை. சீழ் இல்லை. அது ஒன்றுதான் நல்ல செய்தி. வீக்கம் மருந்தின் சூட்டால் என்றால் இரண்டு மூன்று நாளில் வடியும். கருவிழி வெந்திருந்தால் வடிந்த பிறகுதான் தெரியும்.

"கண்ணு தப்பிக்குமா?" என்று அவள் கேட்டாள்.

"இரண்டு மணிக்கு ஒருக்கா இப்பிடிக் கழுவுங்கோ. நான் நாளைக்கு வருவன்."

நாளைக்கு நான் வெளியே இருப்பேனா என்பது எனக்கே தெரியாது. நாளைதான் மொழிபெயர்ப்பாளர் கொடுத்த கெடு.

6. மூன்று ஜோடிக் கை

பட்டறைக்குத் திரும்பியபோது பெயிண்டர் வந்திருந்தார். சவரியம்மாவை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் மண்ணெண்ணெய்த் துணியோடு வருவார், தார் போகும், வெள்ளிக் கறை போகாது, சவரியம்மா தப்ப முடியாது என்று சொன்னேன். அதற்கு ஒரே வழிதான் தெரிந்தது. மூன்று பேர் கையும் கறுத்திருக்க வேண்டும்.

பெயிண்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நோட்டக் குடுங்க மிஸ்ஸி."

கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். வீ. — விரல் — துணி.

"என் பேர ஒரே எழுத்துல அடக்கிட்டீங்களே. சாவப் போறவனுக்கு முழுப் பேராச்சும் எழுதக் கூடாதா?"

அவர் விரல் துணியைப் பிரித்துக் காட்டினார். கண்ணாடி கிழித்த காயம், புரையோடி வீங்கியிருந்தது. கறுப்பு இல்லை. வலது கையால் எழுத முடியாத பெயிண்டரை வைத்துக்கொள்வார்களா என்ற பயத்தில் மறைத்திருக்கிறார்.

"நேத்து நீங்க 'யாரோ'ன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். சவரியப் பாத்து யாரும் சொல்ல மாட்டாங்க. மிச்சம் நான்தானே? ஓடிப் போயிரலாமான்னு யோசிச்சேன். அந்தக் கழுத்து மாலைய பாதில விட்டுப் போக மனசு வரல."

"அந்தத் தாளைக் கிழிக்கிறன்" என்றேன்.

"நீங்க வேணாம். நான் கிழிக்கிறேன்." கிழித்து, தார் காய்ச்சும் அடுப்பில் போட்டார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார். "ஊத்துங்க. சூசாதான், கஷ்டந்தான், என்ன பண்றது."

கரைசலைப் பஞ்சில் தொட்டு மூன்று பேர் விரல்களிலும் உள்ளங்கையிலும் தடவினேன். புண்ணில் பட்டபோது பெயிண்டர் பல்லைக் கடித்தார். பிறகு மூன்று பேரும் கடைத் தாழ்வாரத்தின் ஓரத்தில், வெயில் விழும் இடத்தில் கையை விரித்துக்கொண்டு நின்றோம். தெருவில் போன ஒரு சீனக் கிழவர் வானத்தைப் பார்த்தார், மழை வருகிறதா என்று. கைகள் முதலில் சாம்பல் நிறமாகி, பிறகு பழுப்பாகி, மாலைக்குள் கறுத்தன.

மறுநாள் காலையில் அவர் வந்தார். கூட ஒரு சிப்பாய்.

"தங்கான்!" என்றார். நாங்கள் மூவரும் கையை நீட்டினோம்.

முதலில் சவரியம்மா. சிப்பாய் மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தான். தார் போயிற்று. அடியில் கறுப்பு. மொழிபெயர்ப்பாளர் தலையை ஆட்டினார். அடுத்தது பெயிண்டர். துடைத்தான், கறுப்பு. கடைசியாக நான். கறுப்பு.

"சியாப்பா?" என்றார் மறுபடி.

"பெரிய கண்ணாடி. மூன்று பேர் சாய்த்துப் பிடித்தால்தான் வெள்ளி ஊற்ற முடியும். எல்லோர் கையிலும் படும். யாரும் எடுக்கவில்லை" என்றேன்.

"அன்று எடுக்கிறார்கள் என்றாய்."

"பொய் சொன்னேன். தவறு என்னுடையது." புட்டியை அவர் முன்னால் வைத்தேன். லேபிளைக் காட்டினேன். நோட்டில் அளவை மாற்றிய பக்கத்தைத் திறந்தேன். எண்கள் ஆங்கிலத்தில்தான் இருந்தன. "புட்டியில் பத்து. உள்ளே இருபது. மாற்றியதை மறந்து பத்து என்று நினைத்து எடுத்துவிட்டேன். வெள்ளி இரண்டு மடங்கு போயிற்று. அதிகமானால் கண்ணாடியில் பிடிக்காமல் சேறாக இறங்கிவிடும். பூச்சு மெலியும். உங்களுக்கே தெரியும்."

அவருக்குத் தெரியும். புட்டியை எடுத்து லேபிளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், நாளைப் பார்த்தார். நான் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி மட்டும் காகிதத்தில் இருந்தது.

"பக்கயாரோ!" ஜப்பான் மொழியில் திட்டிக்கொண்டே அறைந்தார். முதல் அறை லேபிளுக்கு. நான் நேராக நின்றதும் இரண்டாவது. "இது பொய்க்கு" என்றார் மலாயில், ஆசிரியர் சொல்வது போல.

பிறகு என் கையைப் பிடித்துக் கட்டை விரலைத் திருப்பிப் பார்த்தார். பெயிண்டரின் விரலையும் சவரியம்மாவின் விரலையும் திரும்பப் பார்த்தார். வெள்ளிக் கறை பழையதா நேற்றையதா என்று என்னால் சொல்ல முடியும். பல வருஷம் இருட்டறையில் கை நனைத்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்? சுவரில் சாய்த்திருந்த தேவியை நிமிர்ந்து பார்த்தார். முகமும் மாலையும் முடிந்திருந்தன, சேலை பாதியில் நின்றது, குளத்தில் முக்கால்வாசி வெற்றுப் பலகை.

"என்றைக்கு முடியும்?"

"மூன்று வாரம்" என்றார் பெயிண்டர்.

"இரண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் நம்பினாரா, வேலை முடியட்டும் என்று விட்டு வைத்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. படம் பங்களாவுக்குப் போன பிறகும் சந்தில் பூட்ஸ் சத்தம் கேட்டால் நாங்கள் மூன்று பேரும் முதலில் எங்கள் கைகளைத்தான் பார்த்துக்கொள்வோம்.

பெயிண்டரின் புண் வெள்ளி பட்டு ஒரு வாரத்தில் ஆறியது. அதற்கு அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் என் பேச்சைக் கிண்டல் செய்யவும் இல்லை. கிண்டலை நான் எதிர்பார்த்திருந்தேன்.

7. மூன்றாவது வரி

அறை வாங்கிய கன்னத்தோடு அன்று மாலையும் பிள்ளையைப் பார்க்கப் போனேன். அதற்கு மறுநாள் வீக்கம் வடிய ஆரம்பித்தது. அதற்கும் மறுநாள் இமையை நான் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. அதுவே திறந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, முகம் சிவந்து, வீடு அதிர அழுதது. கருவிழி இரண்டும் தெளிவு. அழுகையைக் கேட்டு மூத்தது கையை நீட்டித் தேடியது. சவரியம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் சில்லு வெட்டிக்கொண்டே சொன்னார். "மிஸ்ஸி, கோழிக்கடைக்குப் பின்னால ஒரு பொண்ணுக்கு இது மாசம்."

இந்த முறை கேட்டார். நானே நிறுத்து, நூற்றுக்கு ஒன்று என்று மழைத் தண்ணீரில் கலந்து, மருந்துக் குப்பி ஒன்றில் ஊற்றினேன். அதற்கான வெள்ளிக்காக ஒவ்வொரு லாரிக் கண்ணாடியிலும் ஒரு நீல மங்கலை விட்டு வைத்தேன். நன்றாகப் பூசத் தெரிந்தவள் வேண்டுமென்றே மெலிதாகப் பூசுவது சுலபமான வேலை இல்லை.

குப்பியில் லேபிள் ஒட்டினேன். முதல் வரி, என்ன. இரண்டாவது வரி, எவ்வளவு, எந்த நாள். மூன்றாவது வரியில் என் பெயரை எழுதினேன்.

சவரியம்மா தமிழ் படிப்பார். மூன்றாவது வரியில் விரலை வைத்தார். "பேரு எதுக்கு? எவனாச்சும் புடிச்சா நேரா உங்ககிட்ட வந்து நிப்பான்."

"வீக்கம் வந்தாலும் நேரா என்னட்டைத்தானே வர வேணும்? இருக்கட்டும்."

அவர் குப்பியை மடியில் செருகிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துக் காலிக் குப்பி என் மேசைக்கு வந்தது. முதல் இரண்டு வரிகள் அப்படியே இருந்தன. மூன்றாவது வரியை மட்டும், கண்ணாடி வெட்டும் கையின் நேர்த்தியோடு, ஒரு நூல் பிசகாமல் வெட்டி எடுத்திருந்தார். நான் புது லேபிளில் மூன்று வரியும் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அவர் மறுபடி வெட்டினார். ஜப்பான்காரர்கள் தோற்றுப் போன மாதம் வரைக்கும் இப்படியே நடந்தது.

இப்போது பட்டறையில் பெயரை வெட்டி எடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அதனால் மூன்று வரியும் எழுதுங்கள். அளவை மாற்றினால் நோட்டை எடுப்பதற்கு முன்னால் புட்டியை எடுங்கள். நோட்டைப் படிப்பது நீங்கள் ஒருவர்தான். புட்டியைப் படிப்பது யார் என்று உங்களுக்குத் தெரியாது.